வைத்தலும் சுருக்கலும் கழித்தலும்

"பதுக்கல்" என்பது எமது வீடுகளில் நல்ல பெயர் எடுத்த சொல் அன்று. அரிசிக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு வரும் நாட்களில் பதுக்கல் வியாபாரிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வாசிக்கின்றோம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்போருக்கோ அதே சொல் வேறொரு பொருளில் அறிமுகமாகின்றது. கணினியின் மைய அலகுக்கு அருகே, அடிக்கடி தேவைப்படும் தரவுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தைப் பதுக்கு நினைவகம் என்று எமது பாடநூல் அழைக்கின்றது. வியாபாரி பிறருக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகப் பதுக்குகின்றார். கணினி பிறருக்கு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பதுக்குகின்றது.

இதே எண்ணம் இணையத்திலும் பயன்படுகின்றது. ஒரு வலைத்தளத்தின் முன்னால் நின்று, பலர் கேட்கும் பக்கங்களின் பிரதிகளை வைத்துக் கொடுக்கும் கணினியைப் பதுக்குச் சேவையகம் எனலாம். நான் எமது கல்லூரிக் கணினிச் சங்கத்தின் அங்கத்தவர். கடந்தகால வினாத்தாள்கள், அறிவித்தல்கள், மாணவியரின் தவணைப் புள்ளிகள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறு வலைத்தளத்தைப் பராமரிக்கும் குழுவில் இருக்கின்றேன். அவ்வேலையினூடாக நான் கற்றவற்றை, இப்பாடத்தைக் கற்கும் தங்கைமாருக்கும், டேட்டா அட்டைக்குப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் விளங்கும் வகையில் எழுத முயல்கின்றேன். எதை வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, எவ்வாறு சுருக்குவது, எப்போது கழிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். இவற்றுள் கடைசி வினாவே மிக முக்கியமானது என்பது எனது கருத்து.

பதுக்குச் சேவையகம் ஏன் தேவை?

ஒரு மாணவி தனது கையடக்கத் தொலைபேசியில் எமது தளத்தைத் திறந்து "தரம் 11 வினாத்தாள்கள்" என்பதைத் தொடுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவளது வலை மேலோடி மூலச் சேவையகத்திடம் அப்பக்கத்தைக் கேட்கின்றது. மூலச் சேவையகம் தரவுத்தளத்தில் தேடி, பட்டியலை ஒழுங்குபடுத்தி, பக்கத்தை உருவாக்கி அனுப்புகின்றது. அடுத்த நிமிடம் இன்னொருத்தி அதே பக்கத்தைக் கேட்கின்றாள். அதே தேடல், அதே ஒழுங்குபடுத்தல், அதே பக்கம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு நாற்பது பேர் கேட்டால், ஒரே வேலை நாற்பது முறை நடைபெறுகின்றது. கணினி களைப்படையாது என்றாலும் ஒரே நேரத்தில் அது செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டும்போதுதான் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கின்றது.

நோர்வே நாட்டின் பிரபல பத்திரிகையான "வேர்டென்ஸ் காங்" இப்பிரச்சினையைப் பெரிய அளவில் எதிர்கொண்டது. அதன் இணையப் பதிப்பைப் பெருந்தொகையானோர் வாசித்தனர். எல்லோரும் கேட்டது பெரும்பாலும் ஒரே முதற்பக்கத்தையும் ஒரே செய்திகளையும்தான். அப்பத்திரிகையின் இணையப் பிரிவினது முயற்சியால், டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப் என்பவரைப் பிரதான வடிவமைப்பாளராகக் கொண்டு உருவானதே "வார்னிஷ்" என்னும் பதுக்குச் சேவையக மென்பொருள். அது 2006ஆம் ஆண்டு வெளியாகியது. அதற்கு முன்னர் "ஸ்குவிட்" என்னும் மென்பொருளுடன் 12 கணினிகள் செய்த வேலையை அப்பத்திரிகையில் வார்னிஷ் 3 கணினிகளைக் கொண்டு செய்தது. வார்னிஷ் திறந்த மூல மென்பொருள் என்பதால் எவரும் இலவசமாக நிறுவிக் கற்கலாம். நாமும் அதனையே பழைய கணினி ஒன்றில் நிறுவிப் பயன்படுத்துகின்றோம். இனி வரும் விளக்கங்களும் வார்னிஷை ஆதாரமாகக் கொண்டவை.

எதை வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது?

கேள்வி ஒன்று வந்ததும் வார்னிஷ் முதலில் ஒரு திறவுகோலை அமைக்கின்றது. தளத்தின் பெயரும் பக்கத்தின் முகவரியும் சேர்ந்ததே அத்திறவுகோல். அத்திறவுகோலுக்கு உரிய பிரதி நினைவகத்தில் இருந்தால் உடனே கொடுக்கின்றது. இல்லையெனில் மூலச் சேவையகத்திடம் ஒருமுறை கேட்டு வாங்கி, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் அனுப்புகின்றது. பிரதி இல்லாத ஒரு பக்கத்தை ஒரே கணத்தில் நாற்பது பேர் கேட்டால், நாற்பது கேள்விகளையும் பின்னால் அனுப்புவதில்லை. ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு ஏனையவற்றைக் காத்திருக்க வைக்கின்றது. விடை வந்ததும் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கின்றது. பரீட்சைக்கு முதல் நாள் இரவுக்கு மிகவும் உதவும் குணம் இது.

முகவரியில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் திறவுகோல் வேறாகிவிடும். ஒரே பக்கத்தை ஓர் இணைப்பு ஒரு முகவரியாலும் மற்றோர் இணைப்பு முகவரியின் இறுதியில் தேவையற்ற குறிகளைச் சேர்த்தும் அழைத்தால், ஒரே பக்கத்துக்கு இரண்டு பிரதிகள் உருவாகும். எனவே தளத்தை அமைப்போர் ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரியைப் பேணுவது முதலாவது பாடம்.

வைத்த பிரதிக்கு ஓர் ஆயுட்காலம் வேண்டும். அதனை மூலச் சேவையகமே தனது பதிலின் தலைப்பு வரிகளில் சொல்லலாம். "கேஷ்-கன்ட்ரோல்" என்னும் வரியில் "மெக்ஸ்-ஏஜ்" என்ற சொல்லுக்கு எதிரே செக்கன்களில் ஓர் எண்ணை இட்டால், அத்தனை செக்கன்களுக்கு அப்பிரதி புதியதாகக் கருதப்படும். எதுவும் சொல்லப்படாவிட்டால் வார்னிஷ் 120 செக்கன்களை, அதாவது இரண்டு நிமிடங்களை, தானாக எடுத்துக்கொள்கின்றது.

ஆயுட்காலத்தைத் தீர்மானிப்பது ஏறத்தாழச் சமையலறைத் தீர்மானத்தைப் போன்றது. கருவாட்டைப் பல மாதங்கள் வைக்கலாம். தேங்காய்ப்பால் சேர்த்த கறியை மறுநாள் வரை நம்ப முடியாது. எமது தளத்தில் கல்லூரிச் சின்னமும் எழுத்துருக்களும் கருவாடு போன்றவை. அவற்றுக்கு ஒரு வருடத்துக்குரிய 31,536,000 செக்கன்களை வழங்கியுள்ளோம். கடந்தகால வினாத்தாள்களின் பட்டியல் இடையிடையேதான் மாறும் என்பதால் ஒரு மணித்தியாலம், அதாவது 3,600 செக்கன்கள். அறிவித்தல் பலகைக்கு 60 செக்கன்கள். ஒரு நிமிடம் என்பது மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கேட்டாலும் மூலச் சேவையகத்துக்குச் செல்லும் கேள்வி ஒன்றுதான்.

ஆயுள் முடிந்த பிரதியை வார்னிஷ் உடனே வீசிவிடுவதில்லை. "கிரேஸ்" எனப்படும் சலுகைக் காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் பழைய பிரதியைக் கேட்டவருக்குக் கொடுத்துக்கொண்டே, பின்னணியில் புதியதை வாங்கிவரும். இச்சலுகையை நீட்டிவைத்தால், மூலச் சேவையகம் பழுதடைந்து கிடக்கும்போதும் வினாத்தாள் பட்டியல் மாணவியருக்குக் கிடைக்கும். சற்றுப் பழைய பட்டியலானாலும் வெற்றுத் திரையிலும் அது மேலானதே.

எப்போது கழிப்பது?

நினைவகம் நிரம்பும்போது நெடுநேரமாக எவரும் கேட்காத பிரதியை வார்னிஷ் முதலில் வெளியேற்றும். இது தானாக நடைபெறுவது. ஆயுள் முடிவதற்கு முன்னரே ஒரு பிரதியைக் கழிக்க வேண்டிய வேளைகளும் உண்டு. பரீட்சை நேரசூசியில் கணிதப் பாடத்தின் திகதி மாற்றப்பட்டால், பழைய நேரசூசி இன்னும் ஒரு மணித்தியாலம் சுற்றிவருவதை அனுமதிக்க முடியாது. பக்கம் வேகமாக வந்ததற்காக, பிழையான நாளில் பரீட்சை மண்டபத்துக்கு வந்த எந்தப் பிள்ளையும் நன்றி சொல்லமாட்டாள்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது "பேர்ஜ்". குறிப்பிட்ட ஒரு முகவரியின் பிரதியை அக்கணமே நீக்குவது. இரண்டாவது "பான்". ஒரு நிபந்தனையை எழுதிவைப்பது. "நேரசூசி என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும்" என்பதுபோல அது அமையலாம். அதன் பிறகு அந்நிபந்தனைக்கு உட்பட்ட பழைய பிரதி எதுவும் கொடுக்கப்படமாட்டாது. ஒரு பக்கம் மாறினால் முதலாவதும், ஒரு தொகுதி முழுவதும் மாறினால் இரண்டாவதும் பொருத்தமானவை. இக்கட்டளைகளை யார் அனுப்பலாம் என்பதை வார்னிஷின் விதிக்கோப்பில் கணினி முகவரிகளைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்த வேண்டும். கட்டுப்படுத்தாவிட்டால் வெளியார் எவரும் பிரதிகளை ஓயாமல் நீக்கி, மூலச் சேவையகத்தைத் திணறடிக்கலாம்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். நாம் கழிக்கக்கூடியது எமது சேவையகத்தில் உள்ள பிரதியை மாத்திரமே. மாணவியின் தொலைபேசியிலுள்ள மேலோடியும் தனக்கென ஒரு பிரதியை வைத்துக்கொள்கின்றது. அது எமது கையை விட்டுப் போன பொருள். "மெக்ஸ்-ஏஜ்" என்பதில் ஒரு நாளைக்குரிய எண்ணை இட்டிருந்தால், அம்மேலோடி ஒரு நாள் முழுவதும் எம்மிடம் கேளாமலே பழைய பக்கத்தைக் காட்டக்கூடும். ஆகவே இரண்டு எண்களை இடலாம். "மெக்ஸ்-ஏஜ்" மேலோடிக்குரியது. "எஸ்-மெக்ஸேஜ்" வார்னிஷ் போன்ற, பலருக்கும் பொதுவான பதுக்கங்களுக்குரியது. முதலாவதைச் சிறிதாகவும் இரண்டாவதைப் பெரிதாகவும் வைத்தால், தேவைப்படும்போது பெரியதை நாமே பேர்ஜ் செய்துகொள்ளலாம். சின்னம், எழுத்துரு போன்ற நீண்டகாலக் கோப்புகள் மாறினால் பெயரிலேயே புதிய இலக்கத்தைச் சேர்த்துவிட வேண்டும். பெயர் மாறினால் பழைய பிரதியை எவரும் கேட்கமாட்டார்கள்.

காலம் முடிந்த பிரதியை மேலோடி மீண்டும் முழுமையாக இறக்க வேண்டிய அவசியமும் இல்லை. தன்னிடம் உள்ள பிரதியின் அடையாளத்தைச் சொல்லி, "இது மாறிவிட்டதா?" என்று கேட்கலாம். மாறவில்லையெனில் சேவையகம் 304 என்ற இலக்கத்துடன் பக்கமில்லாத ஒரு சிறு பதிலை மட்டும் அனுப்பும். டேட்டா மிச்சமாகும்.

எவ்வாறு சுருக்குவது?

சுருக்கல் எமது மொழிக்கு மிகவும் தேவையான ஒன்று. ஆங்கில எழுத்து ஒன்று யு.ரி.எப்.-8 குறிமுறையில் ஒரு பைற்று இடம் பிடிக்கின்றது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைப் பிடிக்கின்றது. "உம்மா" என்று எழுதிப் பாருங்கள். உகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள். ஆகவே 15 பைற்றுகள். முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தபோது இதற்கு 5 பைற்றுகளே போதுமாக இருந்தன. ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். யுனிகோட் எல்லாக் கணினிகளிலும் தமிழைத் தமிழாகவே காட்டுகின்றது. அதற்குரிய விலை இந்த மூன்று மடங்கு.

அந்த விலையின் பெரும்பகுதியைச் சுருக்கல் திருப்பித் தருகின்றது. இணையத்தில் பரவலாகப் பயன்படும் சுருக்கல் முறை "ஜீசிப்". ஜான்-லூ கெயில்லி, மார்க் அட்லர் ஆகிய இருவரும் 1992இல் இதனை வெளியிட்டனர். இதனுள்ளே இரண்டு பழைய உத்திகள் சேர்ந்து இயங்குகின்றன.

முதலாவது, ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் சிவ் ஆகியோர் 1977இல் வெளியிட்ட உத்தி. அலுவலகக் கடிதங்களில் ஒருமுறை எழுதிய விடயத்தை மீண்டும் எழுதாமல் "மேற்படி" என்று எழுதுவோமல்லவா? அதே வழிதான். எமது பட்டியலில் "தரம் 10 தமிழ் மொழியும் இலக்கியமும் வினாத்தாள்" என்று ஒரு வரியும், "தரம் 11 தமிழ் மொழியும் இலக்கியமும் வினாத்தாள்" என்று அடுத்த வரியும் உள்ளன. "தமிழ்" என்பதிலிருந்து வரியின் முடிவு வரை 34 குறிகளும் 3 இடைவெளிகளும் இருக்கின்றன. அதாவது 105 பைற்றுகள். இரண்டாவது வரியில் அவற்றை மீண்டும் எழுதாமல், "இத்தனை பைற்று பின்னால் சென்று, அங்கிருந்து 105 பைற்றுகளை எடு" என்று குறித்தால் போதும். அக்குறிப்பு பொதுவாக இரண்டு மூன்று பைற்றுகளில் அடங்கிவிடும். ஜீசிப் இவ்வாறு 32,768 பைற்றுகள் வரை பின்னோக்கிப் பார்க்கும்.

இரண்டாவது, டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட உத்தி. வீட்டில் நாளுக்குப் பத்து முறை அழைக்கும் பிள்ளைக்கு ஒரு குறும்பெயர் இருக்கும். எப்போதாவது வரும் விருந்தினரை முழுப்பெயரால் அழைப்போம். அதுபோல அடிக்கடி வரும் பைற்றுக்குக் குறுகிய குறியும் அரிதாக வரும் பைற்றுக்கு நீண்ட குறியும் வழங்கப்படுகின்றன. தமிழுக்கு இது நன்றாகப் பொருந்துகின்றது. தமிழ்க் குறி ஒவ்வொன்றினதும் முதற்பைற்று எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. திரும்பத் திரும்ப வரும் இவற்றுக்கு மிகக் குறுகிய குறிகள் கிடைத்துவிடுகின்றன. மூன்று மடங்கு பாரத்தில் இரண்டு மடங்கு ஏறக்குறைய மறைந்துபோவது இதனால்தான்.

இனி, சுருக்கலும் பதுக்கலும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். சுருக்குவதற்குக் கணினி உழைக்க வேண்டும். பதுக்கம் இல்லாவிட்டால் ஒரே பக்கத்தை நாற்பது பேருக்கு நாற்பது முறை சுருக்க வேண்டும். பதுக்கம் இருந்தால் ஒருமுறை சுருக்கி வைத்துவிட்டு, அதனையே எல்லோருக்கும் கொடுக்கலாம். நினைவகத்திலும் குறைந்த இடமே பிடிக்கும். ஆகவே அதே கணினியில் இன்னும் பல பக்கங்களை வைக்கலாம்.

எல்லா மேலோடிகளும் சுருக்கிய பக்கத்தை விரிக்கக்கூடியவையா? மேலோடி தனது கேள்வியில் "அக்செப்ட்-என்கோடிங்" என்னும் வரியினூடாகத் தனக்கு விளங்கும் சுருக்கல் முறைகளைச் சொல்லும். பல பதுக்குச் சேவையகங்கள் இவ்வரிக்கு ஏற்பத் தனித்தனிப் பிரதிகளை வைக்கின்றன. அவ்வாறு செய்யுமாறு "வேரி" என்னும் தலைப்பு வரி அவற்றுக்குச் சொல்லும். வார்னிஷ் 3.0 பதிப்பிலிருந்து வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. ஜீசிப் முறையில் சுருக்கிய ஒரே பிரதியை வைத்திருக்கும். அதனை விரிக்கத் தெரியாத அரிதான மேலோடி வந்தால், அனுப்பும் வேளையில் தானே விரித்துக் கொடுக்கும். மூலச் சேவையகம் சுருக்காமல் அனுப்பினால், "வாங்கும்போதே சுருக்கி வை" என்றும் விதிக்கோப்பில் எழுதலாம்.

எல்லாவற்றையும் சுருக்குவதும் சரியன்று. ஜேபெக் படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த எலுமிச்சையை மீண்டும் பிழிவது போல, உழைப்பு போகும், பலன் வராது. மிகச் சிறிய கோப்புகளும் அப்படித்தான். ஜீசிப் தனது தலைக்கும் வாலுக்குமாக 18 பைற்றுகளைச் சேர்ப்பதால், சில வேளை கோப்பு பெரிதாகியும் விடும். எழுத்தாலான பக்கங்கள், வடிவமைப்புக் கோப்புகள், நிரற்கோப்புகள் ஆகியவற்றை மாத்திரம் சுருக்கினால் போதும்.

யாருக்குக் கொடுப்பது?

வினாத்தாள் பட்டியல் எல்லோருக்கும் ஒன்று. தவணைப் புள்ளிகள் அப்படியல்ல. ஒவ்வொரு மாணவியும் தனது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வருகின்றாள். அவளை அடையாளம் காட்டும் "குக்கி" என்னும் சிறு குறிப்பு அவளது ஒவ்வொரு கேள்வியுடனும் வருகின்றது. பக்கத்தின் முகவரி எல்லோருக்கும் ஒன்றுதான். உள்ளே இருப்பது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

வார்னிஷின் திறவுகோலில் தளத்தின் பெயரும் முகவரியுமே உள்ளன என்று முன்னர் குறிப்பிட்டேன். கேட்பவர் யார் என்பது அதில் இல்லை. இதனாலேயே குக்கியுடன் வரும் கேள்விகளுக்குப் பிரதி கொடுக்காமல், நேரே மூலச் சேவையகத்துக்கு அனுப்புவதை வார்னிஷ் தனது இயல்பான விதியாக வைத்துள்ளது. புதிய குக்கியை வழங்கும் பதிலையும் அது வைத்துக்கொள்வதில்லை. இவ்விதி பாதுகாப்பானது. ஆனால் தளத்தை மெதுவாக்குகின்றது. எனவே விதிக்கோப்பில் குக்கியை நீக்கிவிடுமாறு எழுதுவது பலரும் செய்யும் வேலை. படங்களுக்கும் பொதுப் பக்கங்களுக்கும் அது சரியானதே.

புள்ளிகள் வெளியாகும் நாளில் தளம் மெதுவாகும் என்பதால், எமது சங்கத்தில் இதைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. என்னிலும் இளைய ஒரு மாணவி, "ராத்தா, புள்ளிப் பக்கத்துக்கும் குக்கியக் கழட்டிட்டா அதுவும் வேகமா வரும்தானே?" என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது. மற்றைய பக்கங்களுக்கு நாம் செய்ததும் அதுதானே. எமது டீச்சர் உடனே விடை சொல்லவில்லை. "அந்தப் பக்கம் யாருக்குரியது எண்டு முதல்ல சொல்லுங்க" என்றார். அவள் சற்று யோசித்தாள். முதலில் வரும் பிள்ளையின் பக்கத்தை வார்னிஷ் வைத்துக்கொள்ளும், அடுத்து வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பிள்ளையின் புள்ளிகளைத்தான் காட்டும் என்று அவளே விடையைச் சொன்னாள்.

இது கற்பனையான ஆபத்து அன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி, கணினி விளையாட்டுகளை விற்கும் "ஸ்டீம்" என்னும் உலகப் புகழ்பெற்ற இணையக் கடை ஒரு தாக்குதலுக்கு உள்ளானது. பெருகிவந்த கேள்விகளைச் சமாளிக்கப் பதுக்க அமைப்பு அவசரமாக மாற்றப்பட்டது. அம்மாற்றத்தில் ஏற்பட்ட தவறினால், உள்நுழைந்த வாடிக்கையாளருக்குரிய பக்கங்களும் பதுக்கப்பட்டு வேறு ஆட்களுக்குச் சென்றன. சிலர் தமது கணக்கைத் திறந்தபோது முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கைக் கண்டனர். ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று அக்கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் பின்னர் அறிவித்தது. மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருட்களின் விபரம் போன்றவை அவற்றில் இருந்தன. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் நடந்து முடிந்த விடயம் இது.

சுருக்கலிலும் இத்தகைய ஓர் ஆபத்து உண்டு. 2013இல் "பிரீச்" என்ற பெயரில் ஆய்வாளர் மூவர் அதனை விளக்கிக் காட்டினர். ஒரே பக்கத்தில் ஓர் இரகசியமும், வெளியார் அனுப்பிய சொல்லொன்றும் சேர்ந்து சுருக்கப்படுகின்றன என்று கொள்வோம். வெளியாரின் ஊகம் இரகசியத்துடன் பொருந்தினால் "மேற்படி" என்று எழுத இடம் கிடைக்கின்றது. பக்கம் சற்றுச் சிறிதாகின்றது. பக்கத்தின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும் அதன் நீளம் தெரியும். நீளத்தைப் பார்த்துப் பார்த்து இரகசியத்தை எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிக்கலாம். எனவே இரகசியம் உள்ள பக்கங்களைச் சுருக்காமல் விடுவது அதற்கான பாதுகாப்புகளுள் ஒன்று.

புள்ளிப் பக்கத்துக்கு நாம் செய்த ஏற்பாடு எளிமையானது. அப்பக்கத்துக்கு "நோ-ஸ்டோர்" என்ற அறிவுறுத்தலை இட்டோம். பொதுவான பதுக்கமோ மேலோடியோ எதுவும் பிரதி வைக்கக் கூடாது என்பது அதன் பொருள். வார்னிஷின் விதிக்கோப்பிலும் அம்முகவரியை எப்போதும் நேரே அனுப்புமாறு எழுதினோம். அதேவேளை அப்பக்கத்தைச் சூழவுள்ள சின்னம், எழுத்துரு, வடிவமைப்புக் கோப்பு ஆகிய அனைத்தையும் பதுக்கத்திலிருந்தே கொடுத்தோம். இதனால் மூலச் சேவையகத்துக்கு எஞ்சியது ஒவ்வொரு பிள்ளைக்கும் சில வரிகளைத் தயாரிக்கும் வேலை மாத்திரமே. வேகத்தைப் பொதுவான பொருட்களிலிருந்து பெற்று, தனிப்பட்ட பொருளை அதற்குரியவளுக்கு மாத்திரம் கொடுத்தோம்.

சரிபார்ப்பது எவ்வாறு?

விதிகளை எழுதினால் மட்டும் போதாது. கணினியில் மேலோடியின் உருவாக்குநர் கருவிகளைத் திறந்து, ஒவ்வொரு பதிலினதும் தலைப்பு வரிகளைப் பாருங்கள். "ஏஜ்" என்ற வரியில் 0 இருந்தால் பிரதி இப்போதுதான் வந்தது. 45 இருந்தால் 45 செக்கன்களாகப் பதுக்கத்தில் உள்ளது. வார்னிஷ் இடும் தனது வரியில் இரண்டு எண்கள் இருந்தால் பிரதி பதுக்கத்திலிருந்து வந்தது, ஓர் எண் மட்டும் இருந்தால் மூலத்திலிருந்து வந்தது. "கன்டென்ட்-என்கோடிங்" என்ற வரியில் ஜீசிப் என்று இருந்தால் பக்கம் சுருக்கப்பட்டுள்ளது. தனிப்பட்ட பக்கங்களைச் சோதிக்க, இரண்டு வெவ்வேறு கணக்குகளால் இரண்டு மேலோடிகளில் ஒரே முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். விதிக்கோப்பில் எந்த மாற்றத்தைச் செய்தாலும் இச்சோதனையைத் தவறவிடுவதில்லை என்பது எமது சங்கத்தின் நடைமுறை.

பெற்றோருக்கும் இரண்டு வார்த்தைகள். ஓர் அறிவித்தல் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டும் உங்கள் தொலைபேசியில் பழையதே தெரிந்தால், பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் மேலோடியின் அமைப்புகளில் பதுக்கத்தை அழிக்கலாம். பிள்ளையின் பெறுபேற்றைக் கடையிலுள்ள பொதுக் கணினியில் பார்த்தால், எழுந்து வருவதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறி, மேலோடியின் வரலாற்றையும் அழித்துவிடுங்கள். எல்லாத் தளங்களும் "நோ-ஸ்டோர்" இட்டிருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இப்பாடத்தைத் தொடரவிருக்கும் தங்கைமாருக்கு ஒரு சிறு பயிற்சி. உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, எத்தனை குறிகள், எத்தனை பைற்றுகள் என்று கணக்கிடுங்கள். பின்னர் நீங்கள் அடிக்கடி செல்லும் ஒரு தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடைகளை எழுதுங்கள். இது யாருக்குரியது? எவ்வளவு காலம் புதியதாக இருக்கும்? சுருக்கினால் பலன் உண்டா? அப்பட்டியல் சரியாக அமைந்தால் வார்னிஷின் விதிக்கோப்பை எழுதுவதில் கடினமான பகுதியை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். எஞ்சியிருப்பது சில வரிகள் மட்டுமே. அவற்றைத் தட்டச்சு செய்ய எமது கணினி அறையில் பழைய கணினி ஒன்று காத்திருக்கின்றது.